பாதிக்கு மேல்

அத்தியாயம் 11

பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்தில் பழைய கோப்புகளைக் கழிக்கும் வேலையில், பெரியவளுக்குத் தன் பெயர் போட்ட உறை ஒன்று கிடைத்ததோடு போன வாரம் நின்றோம். அதற்குள் என்ன இருந்தது என்று கேட்டு எழுதியவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று, ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பல்கலைக்கழகம் அவளுக்கு அனுப்பிய சேர்க்கைக் கடிதத்தின் நகல். கிழக்காசிய ஆய்வுகள் பட்டப்படிப்பு, முதல் பட்டியலிலேயே இடம். மற்றது, அதற்கு அவள் எழுதியதாக இருந்த பதில். 'குடும்பச் சூழ்நிலை காரணமாக எனக்கு இந்த இடம் வேண்டாம்.' கீழே அவள் பெயரில் ஒரு கையெழுத்து.

அவள் அப்படி ஒரு கடிதம் எழுதவே இல்லை. தனக்கு இடம் கிடைக்கவில்லை என்றுதான் ஒன்பது வருஷமாக நம்பிக்கொண்டிருந்தாள்.

யார் எழுதியது என்று அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. 'ண'வின் மூன்று சுழியையும் ஒன்றோடொன்று ஒட்டி, கம்பிச்சுருள் மாதிரி எழுதுகிற ஆள் அந்த வீட்டில் ஒருத்திதான். அவள் தங்கை. அப்போது பதிமூன்று வயது. வீட்டில் எல்லோருக்கும் குட்டி.

இனி, மறுநாள் காலை.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் நான்கு வருஷமாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. குட்டி கல்லூரியில் சேர்ந்த அன்றைக்குப் பெரியவள் உட்கார்ந்து எழுதிக் கொடுத்த பட்டியல். பட்டம் வாங்க என்னென்ன வேண்டும் என்று குட்டிக்குப் புரியும்படி எழுதியிருந்தாள். ஜப்பானிய மொழி ஆறு பருவம். இரண்டாவது மொழி ஏதாவது ஒன்று, இரண்டு பருவம். இலக்கியம், மதம், அரசியல், ஒவ்வொன்றிலும் ஒரு பாடத்தாள். வரலாறு இரண்டு தாள், அதில் ஒன்று கட்டாயம் நவீன காலத்துக்கு முந்தையது. கடைசி வருஷம் ஆய்வுக் கட்டுரை.

குட்டி எல்லாவற்றுக்கும் டிக் போட்டிருந்தாள். பழைய காலத்து வரலாறு மட்டும் பாக்கி. அதற்குப் பதிலாக, வெளிநாட்டில் ஒரு பருவம் படித்தபோது எடுத்த 'நகரங்களின் வரலாறு' என்ற தாளை ஏற்றுக்கொள்ளும்படி மனு போட்டிருந்தாள். துறைத் தலைவர் கையெழுத்துப் போட்டாயிற்று. பதிவாளர் அலுவலகத்தில் சரிபார்த்து முத்திரை குத்த வேண்டியதுதான் மிச்சம்.

குத்த வேண்டியவள் எதிரே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இன்னிக்கு நாலு மணிக்குள்ள முத்திரை விழுந்துடும்ல?"

"விதிப்படி இருந்தா விழும்."

"அதென்ன புதுசா விதி கிதின்னு?" குட்டி சிரித்தாள். "அஞ்சு மணிக்குள்ள சான்றிதழ் போகலேன்னா அந்த ஜப்பான் கண்ணாடித் தொழிற்சாலைக்காரங்க அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாங்க. மொழிபெயர்ப்பு வேலைக்கு எனக்குப் பின்னாடி பதினாறு பேரு நிக்கிறாங்களாம்."

"உனக்கென்னடி கவலை, ஆபீஸே நம்ம வீட்டுல இருக்கு" என்றாள் அம்மா. பல் செட் செய்யும் கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். எத்தனை தேய்த்துக் கழுவினாலும் அவள் நகக்கண்ணில் வெள்ளைச் சாந்து போகாது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, ஒன்பது வருஷமாகச் சொல்வதை அன்றைக்கும் சொன்னாள். "பெரியவளுக்குத்தான் குடுப்பினை இல்லாம போச்சு. உனக்காவது கிடைச்சுதே."

இந்த வார்த்தை வரும்போதெல்லாம் பெரியவள் தலையைக் குனிந்துகொள்வது வழக்கம். அன்றைக்குக் குனியவில்லை. தங்கையைப் பார்த்தாள்.

ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த குட்டியின் கத்தி ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

பெரியவளுக்கு அது போதுமாயிருந்தது.

அங்கேயே கைப்பையைத் திறந்து கடிதத்தை மேஜையில் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் மூன்று பேரும் அழுது தீர்த்து, ஒன்றிரண்டு பக்கத்தில் இந்த அத்தியாயம் முடிந்திருக்கும். அவள் கேட்கவில்லை. கேட்டால் ஏதோ ஒரு பதில் வரும். பதில் வந்தால் கோபம் கொஞ்சம் குறையும். அன்றைக்குச் சாயந்திரம் நாலு மணி வரைக்கும் அவளுக்கு அந்தக் கோபம் முழுசாக வேண்டியிருந்தது.

---

பட்டத் தகுதி சரிபார்க்கும் பிரிவில் மூன்று ஜன்னல்கள். பெரியவள் மூன்றாவது. பக்கத்து மேஜைக்காரர் இரண்டாவது. ஒன்றாவது ஜன்னலில் எப்போதும் 'சற்று நேரத்தில் வருகிறேன்' என்ற அட்டை மட்டும் இருக்கும்.

கண்காணிப்பாளர் கோப்பைக் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்தார்.

"உன் தங்கச்சி கோப்பும்மா. சொந்தக்காரங்க கோப்பை நீ பார்க்கறது சரியில்ல. பக்கத்துல தள்ளிடட்டுமா?"

பக்கத்து மேஜைக்காரர் நல்ல மனுஷர். பேராசிரியர் கையெழுத்து இருந்தால் மேற்கொண்டு பக்கம் புரட்ட மாட்டார். அவர் கைக்குப் போனால் ஐந்து நிமிஷத்தில் முத்திரை விழும். அது அவளுக்கும் தெரியும்.

"வேணாம் சார். அவர் பாஸ் பண்ணினா, அக்கா சிபாரிசுன்னு நாளைக்கு யாராவது வாய்க்கு வந்தபடி பேசுவாங்க. நானே பார்க்கறேன். ஒரு எழுத்து விடாம பார்க்கறேன்."

"உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அவள் வெளிநாட்டுத் தாளின் பாடத்திட்டத்தை எடுத்தாள். பதினான்கு வாரம். விதி தெளிவாக இருந்தது: மாற்றாக ஏற்கும் தாளின் வாரங்களில் பாதிக்கு மேல் நவீன காலத்துக்கு முந்தையதாக இருக்க வேண்டும். பென்சிலை எடுத்து எண்ணினாள். இரண்டாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம் வரை கோட்டைகளும் பழைய தலைநகரங்களும். ஏழு வாரம். ஒன்பதிலிருந்து பதினான்கு வரை ரயில், தொழிற்சாலை, போர். ஆறு வாரம்.

முதல் வாரத்துக்கு நேரே ஒரே ஒரு வார்த்தை. 'அறிமுகம்.'

அந்த வாரத்தை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று எந்த விதியிலும் இல்லை. வழக்கமாக மாணவர் பக்கம்தான் சேர்ப்பார்கள். அவளே சேர்த்திருக்கிறாள், இந்த ஐந்து வருஷத்தில் எத்தனையோ பேருக்கு. சேர்த்தால் எட்டு, பாதிக்கு மேல். சேர்க்காவிட்டால் ஏழு. சரியாகப் பாதி.

'பாதி' வேறு, 'பாதிக்கு மேல்' வேறு. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, பேனாவை எடுத்து எழுதினாள். 'ஏழு வாரங்கள் மட்டுமே. விதி நிறைவேறவில்லை.' கணினியிலும் 'நிராகரிப்பு' என்று பதிந்தாள்.

மூன்று மணிக்குத் துறைத் தலைவர் ஃபோனில் கூப்பிட்டார்.

"என்னம்மா, கம்ப்யூட்டர்ல 'நிராகரிப்பு'ன்னு காட்டுது? தப்பா அழுத்திட்டியா?"

"இல்ல சார். ஏழு வாரம்தான் இருக்கு."

"அறிமுக வாரத்தை விட்டுட்டியே. அந்தத் தாளை எனக்குத் தெரியும், முதல் வாரமே பழைய நகர அமைப்புலதான் ஆரம்பிப்பாங்க."

"பாடத்திட்டத்துல அப்படி எழுதலையே சார்."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"இந்த வகுப்புலயே நல்லா ஜப்பானியம் பேசற பொண்ணு அது. நான் சொல்லணுமா உனக்கு? உன் கூடப் பிறந்தவ. வீட்டுல ஏதாவது சண்டையா?"

"நான் விதியைப் பத்திப் பேசறேன் சார். நீங்க வீட்டைப் பத்திப் பேசறீங்க."

அவர் ஃபோனை வைத்துவிட்டார். பக்கத்து மேஜைக்காரர் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. காதில் விழாத மாதிரி ஸ்டேப்ளரில் பின் போட்டுக்கொண்டிருந்தார்.

---

மூன்றே முக்காலுக்குக் குட்டி ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. வரிசையில் முன்னால் இருந்த பெண்ணிடம் கெஞ்சி இடம் வாங்கிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள்.

"அக்கா, சார் ஃபோன் பண்ணினாரு. என்னமோ தப்பு நடந்திருக்கு..."

"விண்ணப்ப எண் சொல்லுங்க" என்றாள் பெரியவள்.

குட்டிக்கு முதலில் புரியவில்லை. பின்னால் நிற்பவரிடம் பேசுகிறாளோ என்று, திரும்பிப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து தன்னை 'வாடி, போடி' என்று கூப்பிட்ட வாய் 'சொல்லுங்க' என்கிறது.

"அக்கா, விளையாடாத."

"உங்க மாற்றுத்தாள் மனு நிராகரிக்கப்பட்டிருக்கு. அடுத்த பரிசீலனை ஆறு மாசம் கழிச்சு. அதுக்குள்ள இங்கேயே அந்த வரலாற்றுத் தாளைப் படிச்சு எழுதிடலாம்."

"ஆறு மாசமா? எனக்கு வேலை போயிடும்! நீதானே சொன்ன? அங்கேருந்து நான் ஃபோன் பண்ணிக் கேட்டேனே, இந்தத் தாளை எடுக்கட்டுமா, வேற எடுக்கட்டுமான்னு. 'இதை எடுடி, கண்டிப்பா செல்லும்'னு நீதானே சொன்ன?"

சொன்னது உண்மை. நன்றாக ஞாபகம் இருந்தது.

"எழுத்துல இருக்கா?"

"என்ன?"

"அலுவலகத்துலேருந்து உங்களுக்கு எழுத்துல ஏதாவது குடுத்திருந்தா இணைங்க. இல்லேன்னா பின்னாடி நிக்கிறவங்களுக்கு வழி விடுங்க."

குட்டியின் கண் நிறைந்தது. அழுகையை அடக்கிக்கொண்டு, ஜன்னல் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நான் உனக்கு என்ன பண்ணினேன்?"

அந்தக் கேள்விக்காகத்தான் காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்தாள். கைப்பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து, கண்ணாடிக்கு அடியில் இருந்த இடுக்கு வழியாகத் தள்ளினாள்.

"இதுவும் உங்க கையெழுத்துதானே? சரிபார்த்துச் சொல்லுங்க."

குட்டி படித்தாள். நாலு வரிதான். படித்து முடிக்க வேண்டிய நேரத்தைவிட ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்துப்போனது.

சுவர்க் கடிகாரத்தில் நாலு அடித்தது. பெரியவள் ஜன்னல் பலகையை இறக்கினாள். பாதி இறங்கியபோது குட்டியின் குரல் கேட்டது.

"வீட்டுக்கு வா. சொல்றேன்."

அழுகை இல்லாத குரல். ஆனாலும் பெரியவள் பலகையை முழுசாக இறக்கிக் கொக்கியை மாட்டினாள்.

---

ஆறு மணிக்கு அவள் வீட்டுக்கு வந்தபோது அம்மாவும் குட்டியும் மேஜை முன் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா கூடத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், பையைக்கூடக் கழற்றவில்லை. மேஜைமேல் கடிதம் விரித்து வைத்திருந்தது.

"என்னடி இது?" என்றாள் அம்மா பெரியவளிடம். "இவ வாயே திறக்க மாட்டேங்கறா. நீ வந்தாதான் சொல்லுவாளாம்."

"எனக்கு இடம் கிடைச்சிருக்கும்மா. குடுப்பினை எல்லாம் இருந்துச்சு. உன் சின்னப் பொண்ணுதான் எனக்கு வேணாம்னு எழுதிப் போட்டிருக்கா. பதிமூணு வயசுல. என் கையெழுத்தும் அவளே போட்டிருக்கா." பெரியவள் தங்கையின் பக்கம் திரும்பினாள். "உனக்கா தோணியிருக்காது. யார் சொன்னா? அம்மாவா?"

"நானா?" அம்மா எழுந்தே விட்டாள்.

"அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள் குட்டி. "அப்பா."

பெரியவள் சிரித்தாள். நிஜமாகவே சிரிப்பு வந்தது. "செத்துப்போனவர் மேல போடு. சௌகரியமா இருக்கும். பக்கவாதத்துல கிடந்தாரு. வாயே குழறும் அவருக்கு."

"குழறும். ஆனா பேசுவாரு. ஒவ்வொரு வார்த்தையா. இந்த நாலு வரி சொல்லி முடிக்க ஒரு மத்தியானம் பூரா ஆச்சு. தபால் வந்தப்ப நான் மட்டும்தான் வீட்டுல இருந்தேன். கவரைப் பிரிச்சு அவர்கிட்ட படிச்சுக் காட்டினேன். சந்தோஷப்படுவாருன்னு." குட்டி பாடம் ஒப்பிப்பது போல, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொல்லிக்கொண்டே போனாள். "பெரியவ படிக்கப் போயிட்டா நான் பிழைக்க மாட்டேன்னாரு. நீ எழுதாம நான் செத்தா, அது நீ கொன்னதா அர்த்தம்னாரு. எழுதினேன். தபால் பெட்டியில நான்தான் போட்டேன். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என் தலையில கை வச்சுச் சத்தியம் வாங்கினாரு. நல்லா இருந்த அந்த இடது கையால."

பெரியவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

நாலு வருஷம் அவள்தான் அப்பாவுக்கு ஊட்டினாள். துடைத்தாள், புரட்டிப் படுக்க வைத்தாள். இடம் கிடைக்கவில்லை என்று அவள் அழுத அன்றைக்கு, அதே இடது கையால் அவர் அவள் கண்ணைத் துடைத்தார். 'அவங்களுக்குத்தாம்மா நஷ்டம்' என்று குழறிக் குழறிச் சொன்னார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை வருஷம் அந்த மூன்றாவது ஜன்னலில் உட்கார்ந்திருந்தாள்.

"பொய்" என்றாள்.

"சரி, பொய்."

"இத்தனை வருஷம் ஏன்டி சொல்லல? அவர் போய் அஞ்சு வருஷமாச்சே!"

"நீ அவரைத் தலையில தூக்கி வச்சுக் கொண்டாடின. உனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதையும் எதுக்குப் பிடுங்கணும்னு விட்டுட்டேன்." குட்டி முதல் முறையாக அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். "இன்னிக்குப் பிடுங்கிட்டேன். நீங்க கேட்ட விளக்கம் இதுதான். போதுமா?"

அந்த 'நீங்க' திரும்பி வந்து தைத்தது.

பெரியவள் கைப்பையை அவசரமாகத் திறந்தாள். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. "நாளைக்குக் காலையில முதல் வேலையா... நான் எண்ணினது தப்புன்னு எழுதிக் குடுத்துடறேன். அறிமுக வாரத்தைச் சேர்த்தா எட்டு வரும். கண்காணிப்பாளர் என்ன வேணா சொல்லட்டும். முத்திரை குத்தி நானே அனுப்பறேன்."

குட்டி கைபேசியை எடுத்து மேஜைமேல் அவள் பக்கமாகத் திருப்பி வைத்தாள். ஜப்பானிய மொழியில் மூன்று வரி. பெரியவளுக்கு அந்த எழுத்துகள் ஒரு காலத்தில் தெரியும். பதினெட்டு வயதில் புத்தகம் வைத்துத் தானே கற்றுக்கொண்டவள். இப்போது ஒன்றிரண்டுதான் அடையாளம் தெரிந்தது.

"என்ன போட்டிருக்கு?"

"ரொம்ப மரியாதையா எழுதியிருக்காங்க. அடுத்த ஆளை எடுத்துக்கிட்டாங்களாம். அஞ்சு மணி பத்து நிமிஷத்துக்கு வந்துச்சு."

பெரியவள் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். எதைச் சொல்லிக் கேட்பது? விதிக்கு மாறாக அவள் ஒன்றுமே செய்யவில்லை. நாளைக்கு யார் வந்து கோப்பைப் பிரித்துப் பார்த்தாலும் அவள்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. அதை நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

யாரும் அவளைத் தேற்றவில்லை.

அம்மா இவ்வளவு நேரமும் கடிதத்தைக் கையில் எடுத்து, தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவள் கேட்ட கேள்வி இரண்டு பேரும் எதிர்பார்க்காதது.

"பெரியவ போனா அவர் ஏன் பிழைக்க மாட்டாரு? நான் இருந்தேனே. கூடத்து வேலையை விட்டுட்டு நான் பார்த்துக்க மாட்டேனா? எனக்கும் ரெண்டு கை இருந்துச்சே."

குட்டி மேஜையிலிருந்த கைபேசியை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

"உன்னைத்தான்டி கேட்கறேன்."

"உன் கையால ஒரு வாய்கூட வாங்கிக்க மாட்டேன்னாரும்மா."

சொல்லியிருக்கக் கூடாது என்று சொன்ன உடனே குட்டிக்குத் தெரிந்தது. அம்மாவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அவள் தோளிலிருந்து பையைக் கழற்றினாள். நாற்காலியில் மாட்டினாள். நகத்தில் ஒட்டியிருந்த வெள்ளைச் சாந்தை இன்னொரு நகத்தால் சுரண்டிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"ஏன்னு சொன்னாரா?"

"அம்மா, விடும்மா."

"ஒரு மத்தியானம் பூரா உக்காந்து எழுதியிருக்க. இந்த நாலு வரி மட்டும்தானா? இல்ல, வேற ஏதாவது எழுதச் சொன்னாரா?"

பெரியவள் அழுகையை நிறுத்திவிட்டுத் தங்கையைப் பார்த்தாள். குட்டியின் கண்கள் தன்னையும் மீறி உள்ளறைப் பக்கம் போய்விட்டுத் திரும்பின.

"இன்னொண்ணு எழுதச் சொன்னாரு" என்றாள். "உனக்கு. தான் போனப்புறம் உன்கிட்ட குடுக்கச் சொன்னாரு. நான் குடுக்கல."

"இருக்கா?"

"அம்மா, அதைப் படிக்காத. பதிமூணு வயசுல அதுல பாதி எனக்குப் புரியல. இப்ப புரியுது. சொன்னாக் கேளு, வேணாம்."

அம்மா கையை நீட்டினாள். உள்ளங்கை விரிந்தபடியே இருந்தது.

"கொண்டா."